காரின் ஹீட்டர் விசிறி நின்றுபோனால்

தை பிறக்குமுன் பெங்களூரிலிருந்து இருள் பிரியாத வேளையிற் புறப்பட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் குளிர் கடுங்குளிர் அன்று. இங்குப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரியில். ஆதலால், "இவ்வூரில் காருக்கு ஹீட்டர் எதற்கு?" என்று நாமும் எண்ணியிருந்தோம்.

ஐவர் அமர்ந்து கதவுகளை அடைத்ததும், மூச்சின் ஈரம் குளிர்ந்த முன் கண்ணாடியிற் படிந்து, எதிரே வந்த லாரியின் விளக்கு வெறும் வெண்புகையாய்த் தெரிந்த ஒரு விடியலில்தான் ஹீட்டரின் பயன் நமக்கு விளங்கிற்று. துடைத்த இடம் மறுகணமே மங்கிற்று. ஜன்னல்களை இறக்கிவிட்டு, குழந்தைகள் நடுங்க, ஊர்ந்தே சென்றோம். ஹீட்டர் விசிறி அன்று அசையவேயில்லை.

இதன் அமைப்பு எளியது. இஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீரின் ஒரு பகுதி டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள சிறு ரேடியேட்டர் வழியே ஓடுகிறது. மின்விசிறி அதனூடே காற்றைச் செலுத்தி, கண்ணாடியின் மேல் வீசச் செய்கிறது. இவ்விசிறியை 'வெப்பமூட்டி ஊதி' என்று எழுதலாம். பட்டறையில் அச்சொல்லைக் கூறினால் எவரும் திரும்பிப் பாரார். அங்கு அதன் பெயர் புளோயர். காற்று நன்றாக வந்தும் அது சூடாயிராவிடில், குறை விசிறியில் இல்லை. நீரோட்டத்தில் தேடல் வேண்டும்.

விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்பதை முதலிற் காண்க. பழைய வண்டிகள் பலவற்றில் குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் என்னும் தடைச்சுருள் வழியாகவும், முழு வேகத்திற்கு நேராகவும் செல்லும். ஆகவே முழு வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் சுருள் கருகியிருக்கும். நம் வண்டியில் நேர்ந்தது இதுவே. பட்டறையார் சுருளை மாற்றினர். இரண்டே மாதத்தில் அதுவும் கருகிற்று. மீண்டும் மாற்றினர். காரணத்தை எவரும் தேடவில்லை, நாமும் கேட்கவில்லை.

காரணம் மரத்தடியில் இருந்தது. தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நிறுத்திய வண்டியில், முன் கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத் துளைகள் வழியே சிற்றிலைகள் இறங்கி விசிறியில் அடைந்திருந்தன. அச்சின் புஷ்ஷும் உலர்ந்திருந்தது. திணறும் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். சுருளோ அவ்விசிறியின் காற்றிலேயே குளிர வேண்டியது. மின்சாரம் மிகுந்து காற்றுக் குறையின், அது கருகாமல் என் செய்யும்? சுருளை மாற்றுமுன் விசிறியைக் கையாற் சுழற்றிப் பார்த்திருந்தால், அவ்விடியலில் மோட்டாரே நின்றிராது.

எந்த வேகத்திலும் ஓடாவிடில், முதலில் பியூஸ். அது எரிந்திருப்பின், குறித்த ஆம்பியர் அளவுள்ளதையே இடுக. கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். பியூஸ் நன்றாயிருந்தால், சாவியைத் திருப்பி, ஸ்விட்சை முழு வேகத்தில் வைத்து, மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட் சோதனை விளக்கை வைக்க. எரிந்தால் மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரை ஐயுறலாம். எரியாமல், விளக்கின் ஒரு முனையை வண்டியின் உலோக உடலில் வைத்தபோது மட்டும் எரிந்தால், பழுது எர்த் பக்கத்தில். ஸ்விட்சையே அப்பக்கத்தில் அமைத்த வண்டிகளும் உண்டு. பிளக் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்றும் நோக்குக. சிறு விளக்கை எரியவைக்கும் தளர்ந்த இணைப்பு மோட்டாரைச் சுழற்றாது.

மெல்லத் தட்டியதும் மோட்டார் ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அத்தட்டலை நம்பிப் பயணம் புறப்படலாகாது. புதிய பாகம் வாங்க ஜே. சி. ரோட்டுக் கடைகளுக்குச் செல்வோர் பழையதைக் கையோடு கொண்டு செல்க. ஒரே பெயருள்ள வண்டிக்கும் ஆண்டுக்கு ஆண்டு பிளக் மாறும். ஏ.ஸி. உள்ள வண்டியிலும் பொதுவாக இதே விசிறிதான். இது நின்றால் இரண்டும் போயின. ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில், கடைகள் திறந்திருக்கும்போதே, எல்லா வேகங்களிலும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பதே இப்பொழுது நம் வழக்கம்.