புனோம் பென்: எது மலிவு, எது விலை?

கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 2025-ல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 208 டாலர். தலைநகர் புனோம் பென்னில் வெளிநாட்டவர் விரும்பிக் குடியேறும் பி.கே.கே.1 வட்டாரத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 500 முதல் 800 டாலர். ஆசியாவில் குறைந்த செலவில் வாழக்கூடிய தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஆனால் அங்கே மாதம் 900 டாலரில் நிம்மதியாகக் காலம் தள்ளுபவரும் உண்டு. 3,000 டாலர் வாங்கியும் கையைக் கடிக்கிறது என்பவரும் உண்டு.

இருவர் கணக்கும் சரிதான். உள்ளூர் ஆட்களின் உழைப்பால் கிடைப்பதெல்லாம் இங்கே மலிவு. வெளிநாட்டிலிருந்து வந்து சேர வேண்டியதெல்லாம் விலை. எதை எவ்வளவு வாங்குகிறோம் என்பதுதான் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது.

டாலர் புழங்கும் ஊர்

கெமர் ரூஜ் ஆட்சி 1975-ல் பணத்தையே ஒழித்தது. 1980-ல் நாட்டின் நாணயமான ரியெல் மீண்டும் அச்சாகி வந்தாலும் மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. 1992-93-ல் ஐ.நா. அமைதிப் படையும் அதிகாரிகளுமாகச் சுமார் 22,000 பேர் வந்து இறங்கியபோது டாலரும் கூடவே வந்தது. பிறகு போகவே இல்லை. வாடகை, சம்பளம், பள்ளிக் கட்டணம் எல்லாம் இன்றும் டாலரில்தான் பேசப்படுகின்றன. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல். சில்லறை ரியெலில் வரும். ஓரம் கிழிந்த டாலர் நோட்டைக் கடைக்காரர் வாங்க மாட்டார். 2020-ல் தேசிய வங்கி தொடங்கிய ‘பாகோங்’ மின்னணுப் பணப் பரிமாற்றத் திட்டத்துக்குப் பின் தள்ளுவண்டிக் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது.

டாலரில் சம்பளம் வாங்குபவருக்கு இது வசதி. ரூபாயில் வருமானம் உள்ளவருக்கு நிலைமை வேறு. மாதம் 800 டாலர் செலவு என்று வைத்துக்கொண்டால், 2015-ல் அது சுமார் 51,000 ரூபாய்; 2025-ல் கிட்டத்தட்ட 70,000 ரூபாய். அங்கே விலை ஏறாவிட்டாலும், ரூபாய் சரிந்தால் நம் செலவு ஏறிவிடும்.

வீடும் கரண்டும்

வீடு தேடுபவருக்கு இது நல்ல காலம். சீன முதலீட்டில் எழுந்த அடுக்குமாடிகள் பல, கொரோனாவுக்குப் பிறகு ஆளில்லாமல் நின்றன; அதனால் வாடகையைப் பேசிக் குறைக்க இடமிருக்கிறது. ரஷ்யச் சந்தையைச் சுற்றியுள்ள துல் தொம் பொங்கில் சிறிய வீடு 250 முதல் 400 டாலருக்குள் கிடைக்கும். முன்பணம் ஒன்றிரண்டு மாத வாடகைதான். சென்னைபோல் பெரிய தொகை புரட்ட வேண்டியதில்லை.

கை கடிப்பது மின்கட்டணத்தில். கம்போடியா தனக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை அண்டை நாடுகளிடமிருந்து வாங்குகிறது. அதன்மேல் பல வீட்டு உரிமையாளர்கள் தங்கள் பங்குக்கும் கூட்டி, யூனிட்டுக்கு 1,000 ரியெல் வரை, அதாவது கால் டாலர், வசூலிக்கிறார்கள். ஏசி ஒரு நாளுக்கு 10 யூனிட் இழுத்தால் மாதம் 75 டாலர் அதற்கே போய்விடும். ஏப்ரல் வெயிலில் இரண்டு அறையில் ஏசி ஓடினால் சிறு வீட்டு வாடகையில் பாதியை எட்டிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வாடகையோடு யூனிட் விலையையும் கேட்டுவிட வேண்டும்.

சாப்பாடு, போக்குவரத்து

காலையில் தெருவோரத்தில் சுட்ட பன்றி இறைச்சியும் சோறுமான ‘பை சாக் ச்ரூக்’ ஒன்றரை, இரண்டு டாலருக்குள் முடிந்துவிடும். நூடுல்ஸ், ஐஸ் காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான். சந்தையில் அரிசி, மீன், கீரை வாங்கிச் சமைத்தால் இன்னும் குறையும். பாலாடைக்கட்டி, காலை உணவுத் தானியம், ஆலிவ் எண்ணெய் என்று சூப்பர் மார்க்கெட் கூடையை நிரப்பினால் ஐரோப்பிய விலை. துவரம் பருப்புக்கும் சாம்பார் பொடிக்கும் இதே விதிதான்: இந்தியக் கடைகள் உண்டு, ஊர் விலை இல்லை. தாய்லாந்துடனான எல்லைத் தகராறில் 2025 ஜூனில் அந்நாட்டுக் காய், கனி, எரிபொருள் இறக்குமதியைக் கம்போடியா நிறுத்தியது. இறக்குமதியை நம்பிய சமையலறைக்கு விலையோடு இந்த நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது.

போக்குவரத்தில் நமக்குப் பழகிய முகம் ஒன்று உண்டு. இந்தியாவில் தயாரான ஆட்டோக்கள்தான் நகரெங்கும் ஓடுகின்றன. பாஸ்ஆப், கிராப் செயலியில் கூப்பிட்டால் நகருக்குள் பெரும்பாலான சவாரி ஒன்று முதல் மூன்று டாலர். மாநகரப் பேருந்தில் 1,500 ரியெல். சொந்தக் கார் வாங்க நினைத்தால் இறக்குமதி வரி தலையில் ஏறும். 2025 செப்டம்பரில் திறந்த தேச்சோ விமான நிலையம் நகருக்கு வெளியே வெகுதூரம் என்பதால், அடிக்கடி பறப்பவர்களுக்குப் பயணச் செலவு கூடியிருக்கிறது.

பள்ளியும் மருத்துவமனையும்

பட்ஜெட்டைப் புரட்டிப் போடுபவை இந்த இரண்டும். பெயர்பெற்ற சர்வதேசப் பள்ளிகளில் மேல்வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 டாலரையும் தாண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு நகரில் மருத்துவம் எட்டும் விலைதான். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் வசதியுள்ளவர்கள் பாங்காக்குக்கு ஓடுகிறார்கள். அதற்கு ஈடுகொடுக்கும் காப்பீடு இல்லாத பட்ஜெட், ஒரு விபத்து வரைதான் தாங்கும்.

காகிதச் செலவு

வேலைக்கோ நீண்ட காலம் தங்கவோ போகிறவர் 35 டாலர் கொடுத்து ‘இ’ வகை விசாவில் நுழைந்து, அதை நீட்டித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு நீட்டிப்புக்கு முகவர் கூலியோடு ஏறத்தாழ 300 டாலர்; வேலை அனுமதிச் சீட்டுக்குத் தனிக் கட்டணம். வேலைக்கென்று அழைத்துவிட்டுச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடப் பார்க்கும் முகவரிடம் எச்சரிக்கை தேவை. கணினி வேலை என்று நம்பிப் போய் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய இளைஞர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. சுமார் 250 இந்தியர்களை மீட்டு ஊருக்கு அனுப்பியதாக வெளியுறவு அமைச்சகம் 2024-ல் அறிவித்தது.

மொத்தத்தில் எவ்வளவு?

தனி ஆள், சிறு வீடு, உள்ளூர்ச் சாப்பாடு, அளவான ஏசி என்றால் 800 முதல் 1,000 டாலர். நீச்சல் குளமுள்ள கட்டடம், வாரம் சில நாள் உணவகம், நல்ல காப்பீடு என்றால் 1,500-ஐத் தொடும். பள்ளி செல்லும் பிள்ளைகளோடு குடும்பம் என்றால் 3,000-க்குக் கீழே இறங்குவது கடினம். பள்ளிக் கட்டணத்தை வேலை தரும் நிறுவனம் ஏற்குமா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

இந்த மலிவு நிரந்தரமும் அல்ல. ஆட்டோ, சாப்பாடு, வீட்டு வேலை எல்லாம் கட்டுப்படியாவதற்குக் காரணம், அவற்றைச் செய்பவர்களின் குறைந்த வருமானம். தொழிற்சாலையின் குறைந்தபட்சச் சம்பளம் 2014-ல் 100 டாலர். 2025-ல் அது இருமடங்கைத் தாண்டிவிட்டது. அது மேலும் உயர வேண்டும் என்றுதான் தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் போராடுகின்றன. அவர்கள் கேட்பது நியாயமும்கூட. எனவே ஐந்தாறு ஆண்டு தங்கும் எண்ணத்தோடு போகிறவர் இன்றைய விலையை அப்படியே நீட்டிக் கணக்குப் போடாமல், ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.