கார்டுக்கு எத்தனை ரூபாய் வட்டி?

கடன் வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது, “எத்தனை ரூபாய் வட்டி?” நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் யோசிப்போம், மூன்று என்றால் வேறு இடம் பார்ப்போம். அதே கேள்வியைக் கிரெடிட் கார்டிடம் கேட்டுப் பாருங்கள். பல வங்கிகளின் கார்டுகளில் மாத வட்டி 3.5 முதல் 3.75 சதவீதம். மூன்றரை ரூபாய் வட்டி, அதற்கும் மேல். ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம்.

கார்டில் பொருள் வாங்கி, பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு இந்த வட்டி ஒரு ரூபாய்கூட வராது. சிக்கிக்கொள்பவர் ‘மினிமம் டியூ’ எனும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நம்புகிறவர்தான்.

ஒரு கணக்கு போடலாம். ஜூன் 15 அன்று 20,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்குகிறீர்கள். ஜூலை 10 பில் வருகிறது. கெடு ஜூலை 30. மினிமம் 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாயைக் கெடு நாளில் கட்டிவிடுகிறீர்கள். மீதி 19,000க்கு வட்டி ஓடத் தொடங்குவது ஜூலை 30இல் அல்ல, பொருள் வாங்கிய ஜூன் 15இலிருந்தே. அடுத்த பில் போடும் ஆகஸ்ட் 10 வரை 57 நாட்கள், மாதம் 3.5 சதவீதக் கணக்கில் ஏறத்தாழ 1,246 ரூபாய். வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 224 ரூபாய். கட்டியது 1,000, ஏறியது 1,470. கடன் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பழைய பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையே கிடையாது. ஆகஸ்ட் 1 அன்று வாங்கும் மளிகைக்கும் அன்றைக்கே வட்டி.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது இதைவிட மோசம். முழு பில்லும் கட்டுகிறவருக்கும் எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதோடு தனிக் கட்டணம், பெரும்பாலும் 2.5 சதவீதம். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பொதுத்துறை வங்கியில் நகையை வைப்பது எவ்வளவோ மேல்; அங்கே வட்டி பெரும்பாலும் ஒரு ரூபாய்க்குள்தான்.

கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் ரிசர்வ் வங்கியின் விதிகளில் சில பாதுகாப்புகள் உண்டு: கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம், அதுவும் கட்டாமல் விட்ட தொகையை வைத்து மட்டுமே. தாமதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. பில்லில் அப்படி ஏதாவது தெரிந்தால் தயங்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து பில் தொகை தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும்: முழுத் தொகை, மினிமம் தொகை. உங்கள் டிக் எதில் விழுந்திருக்கிறது?