தேவிகுளத்துக்கு ஏறிய பாட்டு

ஏலமலைத் தடங்கள் – 14

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் விழித்துவிடும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் தெருமுனைகளில் நிற்பார்கள். ஜீப் வந்து நின்றதும் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டுக்கு வரும்போது பனி முகத்தில் அடிக்கும். அங்கிருந்து கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் விரியும். பகலெல்லாம் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இதே வளைவுகளில் இறங்கி வீடு திரும்புவார்கள்.

சென்ற வாரம் இந்த மலையில் சுமைகள் ஏறி இறங்கிய பழைய பாதைகளைப் பார்த்தோம். இந்த வாரம், சுமையோடு சுமையாக ஏறிய ஒரு பாட்டைப் பின்தொடர்வோம். ஒரு கலைக் கனவு இந்த மண்ணில் எப்படி வளர்ந்தது, அதை யார் யார் தோள் மாற்றித் தூக்கினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

போடியிலிருந்து தெற்கே மலையடிவாரத்தை ஒட்டியே போனால் தேவாரம். அதைத் தாண்டினால் பண்ணைப்புரம். மேற்கே எங்கு திரும்பினாலும் நீலச் சுவர் போல மலை நிற்கும். இந்த ஊரில்தான் 1943-இல் ஞானதேசிகன் பிறந்தார். பள்ளியில் ராசையா. தந்தை ராமசாமி மலைத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். தாய் சின்னத்தாயம்மாள். வீட்டின் மூத்த அண்ணன் வரதராஜன் பாட்டு எழுதுவார், மெட்டுக் கட்டுவார், மேடையில் நின்று பாடுவார். கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் அவர் பாடினால் ஊரே கூடும். பாவலர் வரதராஜன் என்றால் இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை.

1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 126 இடங்களில் 60 கட்சிக்கு. 5 சுயேச்சைகள் துணை. அவ்வளவு மெல்லிய பெரும்பான்மை. இந்த நிலையில் தேவிகுளம் தொகுதியில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்து நிற்க முனைந்தவரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்திருந்ததுதான் காரணம். 1958-இல் இடைத்தேர்தல். ஒவ்வொரு இடமும் உயிர் போன்றது என்பதால் இரு தரப்பும் மலையேறின.

அந்தத் தொகுதியின் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலையாளத்தில் எவ்வளவு பேசினாலும், லயம் என்னும் தோட்டக் குடியிருப்பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது எட்டாது. தெம்மாங்கு மெட்டில் ஒரு பாட்டு எட்டும். பாவலர் தம் குழுவோடு மலையேறினார். காங்கிரஸின் சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு லயம் லயமாகப் பரவியது. ரோசம்மா மறுபடி வென்றார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்கு உண்டு என்று நம்பூதிரிபாட்டே பாராட்டினார் என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அப்போது அவருக்கு 14 வயது. அடுத்த பத்து ஆண்டுகள் அவருக்குப் பள்ளி, கல்லூரி எல்லாம் அந்த மேடைகளே. திறந்தவெளிக் கூட்டத்தில் காற்றின் எதிரே குரலைக் கொண்டு சேர்க்க வேண்டும். பாட்டு பிடிக்கவில்லை என்றால் கூட்டம் எழுந்து போய்விடும். எந்த இடத்தில் தாளம் விழுந்தால் கை தட்டுகிறார்கள், எந்த இடத்தில் ராகம் இறங்கினால் கண் கலங்குகிறார்கள் என்பதை அவர் மனிதர்களின் முகத்திலிருந்தே படித்தார். நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததுதான் தம் முதல் இசையமைப்பு என்று சொல்லப்படும் அளவுக்கு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அவருக்குள் ஓர் இசையமைப்பாளர் முளைத்திருந்தார்.

ஏலச்செடியை அருகில் பார்த்திருக்கிறீர்களா? ஆளைவிட உயரமாக இலை தழைத்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் காயைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். காய் அங்கே இருக்காது. தூரடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு ஓடும் சரத்தில் இருக்கும். குனிந்து, உட்கார்ந்து, நகர்ந்துதான் எடுக்க வேண்டும். நட்டதும் காய்க்காது, இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும். நிழல் மரம் இல்லாவிட்டால் செடி கருகிவிடும். பண்ணைப்புரத்து வீட்டில் நடந்ததும் இதுதான். பாவலர் நிழல் மரமாக நின்றார். தம்பிகள் அந்த நிழலில் வேர் பிடித்தார்கள்.

1968-இல் சகோதரர்கள் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள். கையில் காசு இல்லை. வீட்டில் இருந்த பெரிய பொருள் ஒரு ரேடியோ. சின்னத்தாயம்மாள் அதை விற்று 400 ரூபாயைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். பின்னாளில் இளையராஜாவான ராசையா இதை மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை நாம் அடிக்கடி கேட்டுப் பழகிவிட்டோம். அதனாலேயே அதன் கனம் நமக்குத் தெரியாமல் போகிறது. கொஞ்சம் நின்று யோசியுங்கள். பாட்டுக்காரர்கள் வாழும் வீட்டில், பாட்டு வந்து சேரும் ஒரே பெட்டியை ஒரு தாய் விற்கிறார். பிள்ளைகளின் பாட்டு ஒரு நாள் எல்லா வீட்டு ரேடியோவிலும் வரும் என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருளை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

சென்னையில் எட்டு ஆண்டுகள். ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை அடிப்படையிலிருந்து கற்றார். பத்து ஆண்டுகள் மேடையில் கைதட்டல் வாங்கியவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல இசைக்குறிப்பு எழுதப் படிக்கப் பழகினார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வையும் எழுதினார். வயிற்றுக்காக மற்றவர்களின் இசைக்குழுவில் கிடார் வாசித்தார், ஆர்கன் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல கன்னடப் படங்களில் உழைத்தார். அந்தப் படங்களின் பாட்டைக் கேட்டவர்கள் எவருக்கும் அவர் பெயர் தெரியாது.

இதற்கிடையே, 1973-இல் பாவலர் மறைந்தார். தம்பியின் பெயரைத் திரையில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. கதாசிரியர் ஆர். செல்வராஜ் எடுத்துச் சொல்ல, தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலம் நம்பி வாய்ப்புக் கொடுத்தார். ராஜா என்ற பெயருக்கு முன்னால் ‘இளைய’ என்ற சொல்லைச் சேர்த்தவரும் அவர்தான். முதல் பாட்டின் ஒலிப்பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோனது. நல்ல சகுனம் என்று யாரோ கிண்டலாகச் சொன்னார்கள். மின்சாரம் திரும்பி வரும்வரை பொறுத்திருந்து பதிவைத் தொடர்ந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் பொறுத்தவருக்கு அந்தச் சில நிமிடங்கள் ஒரு பொருட்டா?

ஆம், பதினெட்டு ஆண்டுகள். 1958-இல் தொடங்கியது, 1976-இல் பெயரோடு வெளியே வந்தது. அந்தப் படத்தின் பாட்டைக் கேட்ட தமிழ்நாடு, இது புதிது என்றது. நாற்று நடுகிறவளும் நெல் குத்துகிறவளும் பாடுகிற மெட்டு எப்படிப் புதிதாகும்? அது மலையைவிடப் பழையது. புதிதாக இருந்தது, அதைப் பார்த்த பார்வை. தோட்டத்துக்குள் நிற்கிறவனுக்கு மரமும் பனியும்தான் தெரியும். அடிவாரத்துக்கு இறங்கி நின்றால்தான் மலையின் முழு உருவம் தெரியும். பண்ணைப்புரத்துத் தாலாட்டையும் தெம்மாங்கையும் சுமந்துகொண்டு போனவர், தன்ராஜ் மாஸ்டரின் அறையில் பாஹையும் மொசார்ட்டையும் படித்தபோது, தம் ஊர்ப் பாட்டை முதல் தடவையாகத் தள்ளி நின்று முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். அந்நியமான ஒன்றைக் கற்றது அவரை ஊரிலிருந்து பிரிக்கவில்லை. ஊரைக் கேட்கப் புதுக் காது கொடுத்தது.

தோள் கொடுத்தவர்களும் வெறுங்கையோடு நிற்கவில்லை. அல்லிநகரத்திலிருந்து சுகாதார ஆய்வாளர் வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போன நண்பர் பாரதிராஜா, 1977-இல் ‘16 வயதினிலே’ எடுத்தார். இசை இளையராஜா. தம்பி கங்கை அமரன் அதில் எழுதிய ஒரு பாட்டைப் பாடி எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். தேனி வட்டாரத்துக் கனவு ஒன்றோடு ஒன்று கைகோத்துத்தான் கோடம்பாக்கத்தில் நடந்தது.

இந்தத் தடம் அங்கே முடியவில்லை. திரும்பவும் மலைக்கே வந்தது. 2018 ஆகஸ்ட் 24 அன்று ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைக்கு வந்தது. இயக்குநர் லெனின் பாரதி. தயாரித்தவர் விஜய் சேதுபதி. கதை, ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமியுடையது. அவன் ஆசை பெரிதல்ல; அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம். சேர்த்த காசையெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை ஒரு நாள் மலைச்சரிவில் உருண்டு, வெடித்து, காய்கள் பள்ளத்தில் சிதறும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போடிப் பக்கத்துக்காரர் யாரும் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருக்க மாட்டார். நட்சத்திரம் இல்லை, சண்டை இல்லை. மலையில் நடக்கும் கால்களின் ஓசை உண்டு. இப்படி ஒரு படத்தை எடுக்கலாம் என்று நினைப்பதற்கே தைரியம் வேண்டும். எடுத்து முடித்துத் திரைக்குக் கொண்டுவர அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

அந்தப் படத்துக்கும் இசை இளையராஜா. 1958-இல் தேவிகுளத்துத் தொழிலாளிக்காக மலையேறிய பாட்டுக் குழுவின் சிறுவன், சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து அதே மலைச் சுமைக்காரனின் கதைக்கு இசையமைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு வயது 81.

இந்தத் தொடரைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வரைவதற்கோ பாடுவதற்கோ படம் எடுப்பதற்கோ துடிக்கிறீர்கள் என்றால், பதினெட்டு என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். உங்களுடைய மூன்றாவது ஆண்டிலோ ஐந்தாவது ஆண்டிலோ ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று உடைந்துபோகாதீர்கள். அந்த ஆண்டுகளில் என்ன கற்றீர்கள் என்று மட்டும் கணக்குப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சொல்லும் மெட்டும் உங்களுக்குச் சலித்துப்போயிருந்தால், தூரத்துக் கலை ஒன்றைப் பாடுபட்டுக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து பாருங்கள்.

பெற்றோருக்கும் மூத்தவர்களுக்கும் இன்னொரு வார்த்தை. இந்தக் கதையில் இளையராஜா ஒருவர்தான். பாவலர்களும் சின்னத்தாய்களும் செல்வராஜ்களும் பலர். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பாடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்காக எந்த ரேடியோவை விற்கப் போகிறீர்கள் என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

(தடம் தொடரும்)