இணையவழிப் பாடங்களில் நூலகத் தரவுத்தளக் கட்டுரைகளை இணைத்தல்

கல்லூரி நூலகம் சந்தா செலுத்திப் பெறும் ஆய்வுக் கட்டுரைகளை மாணவர்கள் படிப்பதற்காக, அவற்றின் இணைப்பைப் பாடப் பக்கத்தில் தருவது நூலகத் தரவுத்தள இணைப்பு எனப்படும். இம்முறையில் கட்டுரையின் படி பதிவேற்றப்படுவதில்லை. கட்டுரை இருக்கும் இடத்துக்கே மாணவர் அனுப்பப்படுகிறார். ஆசிரியரின் கணினியில் திறக்கும் இணைப்பு மாணவரின் வீட்டில் திறக்காமல் போவது இதில் அடிக்கடி எழும் சிக்கலாகும்.

இணைப்பு திறக்காமைக்கான காரணங்கள்

முதற்காரணம், உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் முகவரியை அப்படியே நகலெடுப்பது. பல தரவுத்தளங்களில் அது அந்த நேரத் தேடலுக்காக மட்டும் உருவாகும் தற்காலிக முகவரி. ஆசிரியர் வெளியேறியதும் அது செயலிழக்கும்.

இரண்டாவது காரணம், பயனரை அடையாளம் காணும் முறை. பெரும்பாலான பதிப்பகங்கள் கல்லூரி வலையமைப்பின் ஐ.பி. முகவரியைக் கொண்டே சந்தாதாரரை அறிகின்றன. வளாகத்துக்குள் கடவுச்சொல் இல்லாமலே கட்டுரை திறப்பதால், வெளியே அது திறக்காது என்பதை ஆசிரியர் உணர்வதில்லை.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு போன்ற ஊர்களிலிருந்து சமவெளிக் கல்லூரிகளுக்குச் சென்று படிப்பவர்களை இது கூடுதலாகப் பாதிக்கக்கூடியது. விடுமுறையில் ஊர் திரும்பிய மாணவர் அதே இணைப்பைக் கைப்பேசியில் தொட்டால், கட்டுரைக்கு விலை கேட்கும் பக்கம் வரும். கட்டணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தாலும், பதிப்பகத்தின் வழங்கிக்கு அவர் வெளியாள்.

நிலைத்த இணைப்பு

தரவுத்தளங்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத முகவரி ஒன்றைத் தருகின்றன. எப்ஸ்கோவில் இது 'பெர்மாலிங்க்' என்றும், ஜேஸ்டோரில் 'ஸ்டேபிள் யூ.ஆர்.எல்.' என்றும் வழங்குகிறது. பாடப் பக்கத்தில் இதையே இட வேண்டும்.

இதற்கு இணையானது டி.ஓ.ஐ. எனப்படும் எண்ணிமப் பொருள் அடையாளங்காட்டி. 10 என்ற எண்ணுடன் தொடங்கும் இக்குறியீடு கட்டுரைக்கு உரியது, இணையதளத்துக்கு உரியதன்று. இதழ் வேறு பதிப்பகத்துக்கு மாறினால், பதிவிலுள்ள முகவரியைப் பதிப்பகம் புதுப்பிக்கும்; பாடப் பக்கத்து இணைப்பை மாற்றத் தேவையில்லை. பழைய கட்டுரைகளுக்கும் இக்குறியீடு உண்டு. எடுத்துக்காட்டாக, 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனின் முன்னே கடந்ததை ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்திலிருந்து கவனித்த ஜே. சி. பட்டாச்சாரியா, கே. குப்புசாமி ஆகியோரின் கட்டுரை அவ்வாண்டே 'நேச்சர்' இதழில் வெளியானது. யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வு அது. டி.ஓ.ஐ. முறை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்தைய அக்கட்டுரையையும் இன்று அதன் குறியீட்டால் அடையலாம்.

எனினும், டி.ஓ.ஐ. கட்டுரையின் இருப்பிடத்தை மட்டுமே காட்டும். படிக்கும் உரிமையை அது தருவதில்லை.

வெளியிலிருந்து அணுகுதல்

அவ்வுரிமையை வீட்டிலிருக்கும் மாணவருக்குக் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் உள்ளன.

ப்ராக்சி வழங்கி: கட்டுரை முகவரியின் முன் நூலகத்தின் முகவரி முன்னொட்டாகச் சேர்க்கப்படும். மாணவர் கடவுச்சொல்லை இட்டதும், கோரிக்கை கல்லூரியிலிருந்து வருவதாகப் பதிப்பகத்துக்குத் தெரியும். 1999இல் அமெரிக்க நூலகர் கிறிஸ் ஜாகர் உருவாக்கிய ஈசிபிராக்சி இவ்வகையில் பரவலான மென்பொருள். சில தரவுத்தளங்கள் முன்னொட்டைத் தாமே சேர்த்துத் தருவதால், மீண்டும் சேர்த்தால் இணைப்பு பழுதாகும்.

கூட்டு உள்நுழைவு: காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் 'இன்ஃபெட்' இவ்வகையைச் சேர்ந்தது. பதிப்பகத்தின் பக்கத்தில் தம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்து, அதன் கணக்கால் மாணவர் உள்நுழைவார்.

தனிக்கணக்கு: இன்ஃபிளிப்நெட்டின் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் உறுப்புக் கல்லூரியின் ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டு.

2024 நவம்பர் 25இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சந்தா இருந்தும், சரியான உள்நுழைவுக் கணக்கும் இணைப்பும் இல்லையெனில் அதன் பயன் வளாகத்தோடு நின்றுவிடும்.

பதிப்புரிமை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படைப்புகளைப் படியெடுக்க இடமளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில், 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் இப்பிரிவுக்கு விரிவான பொருள் கொண்டது. ஆனால் அவ்வழக்கு அச்சுப் படிகளைப் பற்றியது. தரவுத்தளங்களுக்கு நூலகம் கையெழுத்திட்ட உரிம ஒப்பந்தமும் பொருந்தும். கோப்பை எவரும் இறக்கும்படி பொதுத்தளத்தில் இடுவதை இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடுக்கின்றன. இணைப்புத் தருவதில் படி எடுக்கப்படுவதில்லை என்பதால், இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

சரிபார்த்தல்

இணைப்பை வளாகத்தின் வைஃபையில் சோதிப்பது போதாது. கைப்பேசியின் தரவு இணைப்பில், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்டு, அதன்பின் கட்டுரை திறந்தால் இணைப்பு சரியானது. உள்நுழையும் முறையையும் ஓரிரு வரிகளில் அருகில் எழுதலாம். ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தந்தால், இணைப்பு முறிந்தாலும் கட்டுரையைத் தேடிப் பிடிக்க முடியும். அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில் இருப்போர், ஒருமுறை இறக்கிவைத்துப் பின்னர் இணையமின்றிப் படிக்க பி.டி.எஃப். வடிவமே ஏற்றது, அவ்வடிவம் எந்தப் பக்கத்தில் கிடைக்கும் என்பதையும் குறிப்பிடுவது நல்லது.