வழிபாட்டிற் புகுந்த வசைச்சொல்

யூத வெறுப்பு ஹிட்லருடன் பிறந்தது என எண்ணுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. கத்தோலிக்கரின் பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில், பல நூற்றாண்டுகளாக, யூதருக்கான இலத்தீன் மன்றாட்டொன்று ஓதப்பட்டது. அதில் அவர்களைக் குறித்த அடைமொழிக்கு 'நம்பாதவர்' என்பதே பொருள் என அறிஞர் வாதிடுவர். சாதாரண மக்களின் செவியிலோ அது 'துரோகிகள்' என்றே விழுந்தது. ஏனைய மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்டவர்கள் இதற்கு மட்டும் முழந்தாளிடுவதில்லை. எழுத்தறியாதவனுக்கும் விளங்கும் பாடமன்றோ இது? பல சமயத்தார் அயலவராய் வாழும் ஊரில், ஆலயத்துள் ஓதுவது வீதியிலும் கேட்கும்.

இப்பாடத்தை 'இகழ்ச்சியைப் போதித்தல்' என்றார், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசாக். பள்ளி மாணவர்க்கு வரலாற்று நூல்கள் எழுதிய அவர், யூதர் என்பதால் 1940இல் கல்விப் பதவியை இழந்தார். 1943இல் கைதான மனைவியும் மகளும் அவுஷ்விற்ஸ் முகாமில் மாண்டனர். அவரோ சுவிசேஷங்களை வரிவரியாக ஆராயலானார். இயேசுவும் யூதரே என்பதை 1948இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார்.

முழந்தாளிடல் 1955இல் மீண்டது. 1959இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் அவ்வடைமொழியை நீக்கினார். மறு ஆண்டு யூன் 13இல், 82 வயதான ஐசாக் வத்திக்கானில் அவரைக் கண்டு, போதனையையே திருத்துமாறு வேண்டினார்.

இயேசுவின் மரணப்பழியை யூதர் அனைவர் மீதும் சுமத்தலாகாது என்ற பிரகடனத்தை, 1965 ஒக்டோபர் 28இல் வத்திக்கான் சங்கம் ஏற்றது. (இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் மதிப்புடன் குறிப்பிடுவதும் அதே பிரகடனந்தான்.) ஆதரித்தோர் 2,221 பேர், எதிர்த்தோர் 88 பேர். அதனைக் காண ஐசாக்கும் அருளப்பரும் இருக்கவில்லை. இருவரும் 1963இலேயே காலமாயினர்.