இயந்திரத்துக்கு வயதாகிறதா?

நூற்பாலையில் பராமரிப்பு வேலை பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைவிட, நேற்று மாலை ஓவர்ஹால் முடித்து மூடிய இயந்திரம்தான் அவருக்கு அதிகக் கவலை தரும். கழுவித் துடைத்து, பேரிங் மாற்றி, புது கிரீஸ் வைத்து, போல்ட்டுகளை முறுக்கிவிட்டு ஃபிட்டர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நள்ளிரவு ஷிப்டில் ஃபோன் வந்தால் பெரும்பாலும் அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் இருக்கும். என் பணிக்காலம் முழுவதும் இதைப் பார்த்தேன். வேலை செய்தவரின் கைராசி என்பார்கள் சிலர், வந்த பேரிங் சரியில்லை என்பார்கள் சிலர். ஓய்வு பெற்றபின் ஆற அமரப் படித்தபோதுதான், இதைக் கணக்குப் போட்டு நிரூபித்தவர் ஓர் உயிரியலாளர் என்று தெரிந்தது.

அவர் பெயர் கான்ராட் வாடிங்டன். கருவில் உயிர் உருப்பெறும் விதத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் ஆய்வுக் குழு ஒன்றில் சேர்ந்தார். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்க வேண்டிய விமானங்களில் பல பட்டறையிலேயே கிடந்தன. 50 மணி நேரம் பறந்தால் ஒரு முழுச் சோதனை என்பது விதி. சோதனை முடிந்த விமானம் முதலில் நன்றாக இருக்கும், நாள் ஆக ஆகக் கோளாறு பெருகும், அடுத்த சோதனையில் மறுபடி சீராகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வாடிங்டனின் குழுவினர் ஒவ்வொரு கோளாறும் சோதனைக்குப் பிறகு எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். கோடு தலைகீழாக வந்தது. சோதனை முடிந்த உடனேதான் கோளாறுகள் மிக அதிகம். பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே போயின. 50 மணி நேரம் நெருங்கும்போதும் கோடு மேலே திரும்பவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைச் சோதனையே கலைத்துவிடுகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். சோதனைகளின் இடைவெளியும் முறையும் மாற்றப்பட்டன. அதே விமானங்களிலிருந்து கிடைத்த பறக்கும் நேரம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. வாடிங்டன் எழுதிய விவரம் நூலாக வெளிவந்தது 1973-இல்தான். ஓர் உயிரியலாளரின் கண்ணுக்கு இது பட்டதில் எனக்கு வியப்பில்லை. எங்களைப் போன்ற பொறியாளர்கள் ஒரு நேரத்தில் ஓர் இயந்திரத்தைத்தான் பார்ப்போம். அவர் விமானக் கூட்டத்தை ஓர் உயிர்த்தொகையாகப் பார்த்து, எந்தப் பருவத்தில் சாவு அதிகம் என்று கேட்டார்.

கை படும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு சாதாரண பால் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்வளையம், வெளிவளையம், இடையில் எஃகுப் பந்துகள், அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தும் கேஜ். ஓடும்போது பந்துக்கும் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மொத்தச் சுமையும் அந்தப் படலத்தின் மேல்தான். பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில் பேரிங் உறையைப் பிரித்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், அதற்குள் விழுந்திருக்கும் துகள் அந்தப் படலத்தைவிடப் பலமடங்கு பெரிது. பந்து அதை வளையத்தில் அழுத்திக் குழி போடும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தைத் தட்டுவதற்குப் பதில் வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டினால், அடி முழுவதும் பந்துகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, பேரிங்கும் வழக்கம்போலச் சுழலும். ஆனால் அதன் ஆயுள் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. கிரீஸும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காலி இடத்தை முழுக்க நிரப்பினால் பந்துகள் கிரீஸைக் கடைந்து கடைந்து சூடேறும். அக்கறையாக நிறைய கிரீஸ் வைத்ததாலேயே கெட்ட பேரிங்குகள் எல்லா ஆலையிலும் உண்டு.

பேரிங்கைச் சொல்லும்போது ஒரு பராமரிப்புப் பொறியாளரைச் சொல்லாமல் போக மனமில்லை. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஜவுளி ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர் ஸ்வென் விங்விஸ்ட். அந்த ஊரில் களிமண் தரை, கட்டடம் மெல்ல அமிழும். அதனால் நீண்ட ஷாஃப்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகி, பேரிங்குகள் அடிக்கடி போயின. தரையைத் திருத்த அவரால் முடியாது. எனவே ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்தாலும் தானே ஒத்துப்போகும் பேரிங்கை உருவாக்கினார். இரண்டு வரிசைப் பந்துகள், வெளிவளையத்தின் உட்புறம் கோளத்தின் ஒரு பகுதி போன்ற வளைவு. 1907-இல் அதற்காகத் தொடங்கிய நிறுவனம்தான் எஸ்.கே.எஃப். உலகெங்கும் கடைகளில் தொங்கும் அந்தப் பெயர் ஓர் ஆலையின் பிரேக்டவுன் தொல்லையிலிருந்து பிறந்தது.

சரி, புதிதாக மாட்டாமல் பழையதையே விட்டால் அது கிழடாகிக் கெடாதா? பேரிங் பட்டியலில் போட்டிருக்கும் ஆயுளுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. 10,000 மணி நேரம் என்றால், அந்தச் சுமையில் ஓடும் நூறு பேரிங்குகளில் 90 அதைத் தாண்டும் என்று அர்த்தம். பாதிப் பேரிங்குகள் அதைப்போல் சுமார் ஐந்து மடங்கு ஓடும். ஒரே தொழிற்சாலையில், ஒரே எஃகில் செய்து, ஒரே மேடையில் சோதித்தாலும் முதலில் போவதற்கும் கடைசியில் போவதற்கும் இடையே அவ்வளவு தூரம். 10,000 மணி ஆனதும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டால் நூறில் 90 நல்ல பேரிங்குகளைக் குப்பையில் எறிகிறோம். அந்த இடத்தில் துகளும் சுத்தியலடியும் பட்டிருக்கக்கூடிய புதியவற்றை வைக்கிறோம். ஆயுளைக் குறைப்பது காலத்தைவிடச் சுமைதான். பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். பெல்ட்டை விறைப்பாக இழுத்துக் கட்டும் கை, காலண்டரைவிட வேகமாகப் பேரிங்கைத் தின்றுவிடும்.

வாடிங்டன் கண்டது போர்க்கால விசித்திரம் அல்ல என்பதை அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் காட்டினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக அவர்கள் எழுதிய அறிக்கை 1978-இல் வந்தது. விமான உறுப்புகள் எந்த வயதில் கெடுகின்றன என்பதை ஆறு வளைகோடுகளாகப் பிரித்தார்கள். வயதானபின் தேய்ந்து கெடும் கோடுகள் மூன்று. அவற்றில் அடங்கியவை மொத்தம் 11 சதவீதம்தான். மீதி 89 சதவீதத்தில் முதுமை என்ற பருவமே தெரியவில்லை. 68 சதவீதம் புதிதாக இருக்கும்போது அதிகம் கெட்டு, அந்தக் கண்டம் தாண்டினால் ஒரே சீராக ஓடியவை. இந்தச் சிந்தனை வளர்ந்த வேகத்தைப் பாருங்கள்: டிசி-8 விமானத்துக்குக் காலம் வைத்து ஓவர்ஹால் செய்ய வேண்டிய உறுப்புகளாக முதலில் 339-ஐக் குறித்திருந்தார்கள். பின்னால் வந்த டிசி-10-க்கு அது 7.

இந்த எண்கள் விமானத்துக்குரியவை, நூற்பாலைக்கு அப்படியே பொருந்தாது. எங்களிடம் உண்மையாகவே தேய்ந்து சாகும் உறுப்புகள் உண்டு. நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் ஃபிரேமில் ஓடும் டிராவலர் நகத்தளவுகூட இல்லாத எஃகு வளைவு. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ரிங்கின் விளிம்பைச் சுற்றி வருகிறது. பருத்தி நூற்கும்போது அதற்கு எண்ணெய் கிடையாது. நசுங்கிய பஞ்சு இழையே படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. நூற்கப்படும் பஞ்சே தன்னை நூற்கும் இயந்திரத்துக்கு மசகாகிறது! இத்தனை இருந்தும் டிராவலர் தேயும், நாள் பார்த்து மாற்றத்தான் வேண்டும். உருளைகளுக்கு உறையாகப் போடும் ரப்பர் காட்ஸும் அப்படியே. உரசித் தேயும் எளிய உறுப்புக்கு வயது உண்டு. பல உறுப்புகள் கூடிய சிக்கலான அமைப்பில்தான் வயது பெரும்பாலும் செல்லாக்காசாகிறது.

மற்றவை கெடத் தொடங்கியதைத் திறக்காமல் எப்படி அறிவது? பழைய ஃபிட்டர்கள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் உறையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அவர்கள் காது கேட்டதன் கணக்கு அழகானது. 6205 என்ற பேரிங்கை எந்த மோட்டார் கடையிலும் பார்க்கலாம். உள்ளே ஒன்பது பந்துகள். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24. கேஜ் அந்த வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கில்தான் சுற்றும். எனவே வெளிவளையத்தில் ஒரு கீறல் இருந்தால் பந்துகள் அதை நொடிக்குச் சுமார் 86 முறை தட்டும். கீறல் உள்வளையத்தில் என்றால் 130 முறை. இரண்டையும் கூட்டினால் 216, அதாவது 24 பெருக்கல் ஒன்பது. சுழலும் பாகத்தில் எடை ஒருபக்கமாக இருந்தால் அதிர்வு 24-இல் வரும். ஷாஃப்ட் நேராகப் பூட்டப்படாவிட்டால் பெரும்பாலும் 48-இல் எகிறும். அதிர்வுமானி காட்டும் படத்தில் 86-இல் ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கீறல் எந்த வளையத்தில் என்று சொல்லிவிடலாம். முதல் செதில் உரிந்தது முதல் பேரிங் இறுகி நிற்பது வரை பல வாரங்கள், சிலசமயம் மாதங்கள்கூட ஆகும். புதியதை வரவழைத்து, தூசி இல்லாத இடத்தில் சூடேற்றி, சுத்தியல் படாமல் ஷாஃப்டில் ஏற்ற அந்த அவகாசம் தாராளம்.

ஓடாத இயந்திரம் மட்டும் இந்த முறைக்குப் பிடிகொடுக்காது. தீயணைப்பு பம்ப், பாய்லரின் பாதுகாப்பு வால்வு, மோட்டாரைக் காக்கும் ரிலே ஆகியவை கெட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது. அதிர்வு இல்லை, சூடு இல்லை, உற்பத்தியும் நிற்கவில்லை. மாதம் ஒருமுறை சோதிக்கும் பம்ப் ஏதோ ஒரு நாளில் கெட்டால், சராசரியாகப் பதினைந்து நாள் செத்துக் கிடந்தபின்தான் தெரியவரும். சோதனை வாரம் ஒருமுறை என்றால் அது மூன்றரை நாளாகக் குறையும். இங்கே இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதே இல்லை. டீசல் எஞ்சினைக் கிளப்பி, வால்வைத் திறந்து, குழாய் முனையில் தண்ணீர் உரிய அழுத்தத்தில் பீய்ச்சுகிறதா என்று பார்த்து, அந்த அழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதினால் போதும்.