சுமை தூக்கலாகாது என்ற விலக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு, மருந்துச் சீட்டோடு கூடவே, அந்தப் பக்கத்துக் கையால் இனிக் கனமான எதையும் தூக்கலாகாது என்ற உத்தரவும் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அந்த வார்த்தை, பேரன் பேத்தி எடுத்த மூதாட்டிக்கும், இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே அல்லாடும் முப்பத்தைந்து வயதுத் தாய்க்கும் வித்தியாசம் பாராட்டவில்லை. மேல்நாடுகளைக் காட்டிலும் சுமார் பத்தாண்டு முன்னதாகவே இந்நோய் பெண்களைப் பற்றுகிற நம் தேசத்தில், அந்த விலக்கு நியாயமானதுதானா என்று ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

மார்பில் தோன்றிய நோய்க்குக் கை ஏன் அல்லற்பட வேண்டும் என்பதை அறிய, அக்குளின் அமைப்பைச் சற்றே நோக்க வேண்டும். கையிலிருந்தும் மார்பிலிருந்தும் திரும்பும் நிணநீர் அங்குள்ள 20, 30 நிணநீர்க் கணுக்களின் வழியாகவே பெரும்பாலும் வடிகிறது. நோயும் பரவத் தொடங்கும்போது பெரும்பாலும் அவ்வழியையே நாடுவதால், அக்கணுக்களை வைத்தியர்கள் எடுத்துவிடுகிறார்கள். மடை அடைபட்ட வாய்க்காலின் நீர் பக்கத்துக் கால்களில் புகுந்து வழி தேடுவதுபோல, நிணநீரும் புதுத் தடங்களைத் தேடிக்கொள்கிறது. அவை போதாதபோது கை வீங்குகிறது. அக்குள் கணுக்களை முழுவதும் எடுத்தவர்களில் ஏறக்குறைய 100-க்கு 20 பேருக்கும், நிணநீர் முதலில் சென்றடையும் முதற்கணுக்களை மாத்திரம் எடுத்துச் சோதித்தவர்களில் 100-க்கு 5, 6 பேருக்கும் இவ்வீக்கம் நேர்கிறது.

1890-களில் பால்டிமோர் நகரத்து வில்லியம் ஹால்ஸ்டெட் பிரபலமாக்கிய முறை, மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒருங்கே அகற்றியது. அதன்பின் காணப்படும் கை வீக்கத்தைப் பற்றி 1921-ல் அவரே எழுதியிருக்கிறார். பெர்னார்ட் ஃபிஷர் முதலியோர் 1970-களில் தொடங்கிய பரிசோதனைகள், அவ்வளவு கொடிதாக வெட்டாமலே உயிரைக் காக்கலாம் என்பதை ஐயமற நிரூபித்தன. சிகிச்சை சுருங்கிற்று, கைக்கு இட்ட விலக்கோ சுருங்கவில்லை.

அதை முதலில் பகிரங்கமாக மீறியவர்கள் கனடா தேசத்து வான்கூவர் நகரப் பெண்களே. 1996-ல், பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையின் விளையாட்டு வைத்தியர் டான் மக்கென்ஸி, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சியளித்துச் சீன மரபில் வந்த டிராகன் படகுப் பந்தயத்தில் துடுப்பு வலிக்கச் செய்தார். கையும் தோளும் இடைவிடாது உழைக்கும் அந்தப் பந்தயத்துக்குப் பின்னும் அவர்களில் ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 24 பேரைக் கொண்டு ஒரு சித்தாந்தத்தை நிலைநாட்டிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பும் அதில் இல்லை. ஆயினும், பயத்தின் பிடி முதன்முதலில் தளர்ந்தது அங்கேதான்.

குறைபட்டு நின்ற அந்த ஒப்பீட்டை, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் நிறைவேற்றினார். முன்னரே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரம் இருமுறை, அழுத்த உறை அணிந்த கையால், மிக இலேசான எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகுமாறு ஓராண்டுக் காலம் பயிற்றுவித்தார். 2009-ல் வெளிவந்த முடிவு வைத்திய உலகை வியக்கச் செய்தது: எடை தூக்கியவர்களில் 100-க்கு 14 பேருக்கும், தூக்காதவர்களில் 100-க்கு 29 பேருக்கும் வீக்கத்தின் உபத்திரவம் அதிகப்பட்டிருந்தது. வீக்கமே வராத 154 பெண்களிடம் செய்த மறு பரிசோதனை அடுத்த ஆண்டு வெளியாயிற்று. அதில், ஐந்தோ அதற்கு மேலோ கணுக்கள் எடுக்கப்பட்டவர்களுள், பயிற்சி செய்தோரில் 100-க்கு 7 பேருக்கும் செய்யாதோரில் 22 பேருக்கும் கை வீங்கிற்று.

இதன் காரணம் விளங்காததன்று. நிணநீரை மேலேற்ற இருதயத்தைப் போல் தனியொரு அவயவம் இல்லை. தசைகள் சுருங்கி விரிவதே அதற்குப் பெருந்துணை. அன்றியும், மாதக்கணக்கில் ஓய்வளிக்கப்பட்ட கை நாளுக்கு நாள் பலம் குன்றி, ஒரு குடம் தண்ணீரையே தாங்க மாட்டாத நிலையை அடைகிறது. பிறகு ஒருநாள், குழந்தை தடுக்கி விழப் பார்க்கையில் தாய் யோசியாமல் அதை வாரியெடுக்கும்போது, பழக்கமில்லாத அந்தப் பாரமே கைக்கு ஊறு விளைவிக்கிறது. விலக்கு எதைத் தடுக்க எண்ணியதோ அதற்கே வழி கோலியது என்பதே என் துணிபு.

வீக்கம் ஒன்றே துன்பமன்று. தோள் இறுகித் தலை பின்னவும் ரவிக்கையில் கை நுழைக்கவும் இயலாமற் போவதும், மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும், அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு போல் விறைத்து இழுப்பதும் அநேகருடைய அநுபவம். அந்தக் கயிறு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே நெகிழ்ந்துவிடும். அதைக் கண்டு அஞ்சிக் கையை மடக்கி வைத்துக்கொள்வதுதான் கெடுதல். நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் படுக்க வேண்டியிருக்கிறது. அதன் பின்னும் திசுக்கள் ஆண்டுக்கணக்கில் இறுகக்கூடும். இளம் பெண்களுக்கோ, கீமோவினாலும் ஹார்மோன் மருந்துகளாலும் மாதவிலக்கு அகாலத்தில் நின்று எலும்பும் மெலிய நேர்கிறது. ஆகவே எடைப் பயிற்சி அவர்களுக்கு இரட்டை நன்மை.

இங்கிலாந்தில் 392 பெண்களைக் கொண்டு நடந்து 2021-ல் வெளியான பரிசோதனையில், பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வையில் ரண சிகிச்சைக்குப் பின் 7 முதல் 10 நாட்களுக்குள் தோள் பயிற்சியைத் தொடங்கியவர்கள், ஓராண்டு முடிவில் கையை மற்றவர்களைவிட நன்கு உபயோகித்தார்கள். வீக்கம் அதிகப்படவும் இல்லை. முதல் சில நாட்களில் உண்பது, தலை வாருவது போன்ற சிறு காரியங்களுக்குக் கையைப் பயன்படுத்துவதும், தோளைச் சுழற்றுவதும் போதும். ரணநீர் வடிய வைத்த டிரெயின் குழாய் இருக்குமட்டும் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல், பிறகு சுவரில் விரல்களால் ஏறி நாள்தோறும் சற்றே உயரம் கூட்டலாம். எடை, வைத்தியர் சம்மதித்தபின், சுமார் ஒரு மாதம் கழித்து. இலேசான இழுப்பு இயல்பு. கூரிய வலி எழுந்தால் நிறுத்த வேண்டும். கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

கத்தி படுமுன்பே இரு கைகளின் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொண்டால், பிற்பாடு தோன்றும் சிறு வீக்கமும் தப்பாமல் தெரியும். அழுத்த உறையும் சிகிச்சையும் அப்போதுதான் நன்கு பயன் தரும். அந்த அளவும், பயிற்சி கற்பிக்கும் நிபுணரின் ஒரு சந்திப்பும், வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணும் கேட்டு வாங்க உரிமையுடையவள்.